வேலைநிறுத்தம் முடிந்தபின்: நெய்வேலிச் சுரங்கமும் பணிக்குத் திரும்புதலும்

நிலக்கரிச் சுரங்கத்தில் நெடுநாள் நடந்த வேலைநிறுத்தம் இரண்டு கட்டங்களில் முடிவுக்கு வருகிறது. தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் கையெழுத்தாகும் உடன்பாடு ஒன்று. ஆள் குறைந்து கிடந்த குழியையும் இயந்திரங்களையும் பழைய ஓட்டத்துக்குக் கொண்டுவருவது மற்றொன்று. தமிழ்நாட்டில் இவ்விரண்டையும் பலமுறை பார்த்த ஊர் நெய்வேலி.

மேற்கே கல்வராயன் மலைப்பக்கம் உள்ள கள்ளக்குறிச்சியும் நெய்வேலியும் 1993 வரை தென்னார்க்காடு என்ற ஒரே மாவட்டத்தில் இருந்தன. பிறகு கள்ளக்குறிச்சி விழுப்புரத்தோடும் நெய்வேலி கடலூரோடும் சேர்ந்தன. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கோமுகி, மணிமுத்தாற்று நீர் கிழக்கே ஓடி வெள்ளாற்றில் கலக்கிறது. ஆனால் நிலத்தடியில் இரண்டு பகுதிகளுக்கும் ஒட்டுறவில்லை. கல்வராயன் மலை மிகப் பழைய கெட்டிப் பாறையால் ஆனது. அதில் நிலக்கரிக்கு இடமில்லை. கிழக்கே கடலை நோக்கிப் போகப் போக மணற்பாறைப் படிவுகள் தொடங்குகின்றன. அந்தப் படிவுகளுக்கிடையே, மண்மூடிய தாவரங்களிலிருந்து உண்டான பழுப்பு நிலக்கரி கிடக்கிறது.

1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிவந்த கறுப்புத் துகள்களே அதற்கு முதல் தடயம். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. மறு ஆண்டே மின்சாரம் கிடைத்தது. இந்த நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். வெகுதூரம் கொண்டுபோனால் கட்டுபடியாகாது. குவித்துவைத்தால் தானாகவே தீப்பற்றவும் கூடும். அதனால் வெட்டிய இடத்துக்கு அருகிலேயே அனல்மின் நிலையங்கள் அமைந்தன. இங்கே நடக்கும் வேலைநிறுத்தம் தென் மாநிலங்களின் மின்தேவையோடு பிணைந்துவிடுவது இதனால்தான்.

நெய்வேலியின் தொழிலாளர்கள் இரு வகைப்பட்டவர்கள்: நிறுவனத்தின் நேரடிச் சம்பளப் பட்டியலில் உள்ள நிரந்தரத் தொழிலாளர்கள் ஒருபுறம், ஒப்பந்ததாரர்கள் வழியாக வேலைக்கு வரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் மறுபுறம். இரு சாராரும் பணிக்குத் திரும்பிய விதமும் வேறு.

2013 ஜூலை தொடக்கத்தில் நிரந்தரத் தொழிலாளர்கள் இறங்கிய போராட்டம் கூலிக்கானது அல்ல. பங்கு விற்பனைக்கு எதிரானது. அப்போது மத்திய அரசிடம் 93.56 விழுக்காடு பங்கு இருந்தது. அரசு நிறுவனங்களில் குறைந்தது 10 விழுக்காடு பங்கு பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்பது பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் அப்போதைய விதி. அதைக் காட்டி மத்திய அமைச்சரவை 5 விழுக்காட்டை விற்க முடிவெடுத்தது. கட்சி வேறுபாடின்றித் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. விதியை நிறைவேற்றத் தேவைப்பட்ட 3.56 விழுக்காட்டைத் தமிழக அரசின் நிறுவனங்களே வாங்கிக்கொள்ளும் என்று முதல்வர் ஜெயலலிதா முன்வைத்த யோசனை ஏற்கப்பட்டது. ஜூலை நடுவில் போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. கேட்டது கிடைத்ததால் திரும்புவதில் சிக்கல் எழவில்லை.

ஒப்பந்தத் தொழிலாளர்களின் கதை அப்படியல்ல. 2010, 2012, 2014 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவர்களின் வேலைநிறுத்தங்கள் வாரக்கணக்கில் நீண்டன. பணி நிரந்தரம், சம வேலைக்குச் சம ஊதியம் ஆகியவை முதன்மைக் கோரிக்கைகள். பேச்சுவார்த்தை பலமுறை முறிந்து மீண்டும் கூடியது. ஊதியத்தில் ஓரளவு உயர்வு கிடைக்கும். நிரந்தரம் என்ற கேள்வி அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போகும். ஒரு கோரிக்கை பாதியில் நிற்கும்போதே வேலைக்குத் திரும்பியதால், சில ஆண்டுகளுக்குள் அதே கோரிக்கை மறுபடி வாயிற்கூட்டத்துக்கு வந்தது.

சட்டப்படி, வேலைநிறுத்தத்தை முடிக்கும் உடன்பாடு முத்தரப்பானது. சுரங்கத் தொழில் தகராறுகள் மத்திய அரசின் பொறுப்பு என்பதால், மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் ஆணையர் நிர்வாகத்தையும் சங்கத்தையும் அழைத்துப் பேசவைக்கிறார். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் 12(3) பிரிவின்கீழ் கையெழுத்தாகும் உடன்பாடு, கையெழுத்திட்ட சங்கத்தினரை மட்டுமன்றி அந்த நிறுவனத்தின் தொழிலாளர் எல்லோரையும் கட்டுப்படுத்தியது. 2025 நவம்பரில் அச்சட்டத்தின் இடத்துக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் சமரசப் பேச்சுவார்த்தையை வைத்திருக்கிறது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது முன்பு பொதுப்பயன் சேவைகளுக்கு மட்டும் இருந்தது. இப்போது எல்லாத் தொழில்களுக்கும் உரியது.

உடன்பாட்டில் ஊதிய உயர்வைவிடச் சச்சரவுக்கு உள்ளாகும் வரிகள் உண்டு. வேலைநிறுத்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா, அந்த நாட்கள் விடுப்பில் கழியுமா, பணிமூப்பு அறுபடுமா, சஸ்பெண்ட் செய்யப்பட்டவர்களும் வழக்குக்கு ஆளானவர்களும் என்ன ஆவார்கள் என்பவை அவை. வேலைநிறுத்தம் சட்டப்படியானதாகவும் நியாயமானதாகவும் இருந்தால்தான் அந்த நாட்களுக்குச் சம்பளம் கேட்க முடியும் என்று 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ‘பழிவாங்கும் நடவடிக்கை கூடாது’ என்ற ஒரு வரிக்காகவே பேச்சுவார்த்தை நாட்கணக்கில் இழுபடுவதுண்டு.

அடுத்தது குழி. நெய்வேலியில் இருப்பவை திறந்தவெளிச் சுரங்கங்கள். பிரம்மாண்டமான சக்கர இயந்திரங்கள் முதலில் மேல்மண்ணை அகற்றுகின்றன. பிறகே நிலக்கரியைத் தொட முடியும். ஒரு டன் நிலக்கரிக்குப் பல மடங்கு மண் அகற்றப்பட வேண்டும். மேல்மண் வேலை தேங்கினால், ஆட்கள் திரும்பிய பின்னும் வெட்டுவதற்கு நிலக்கரி குறைவாகவே திறந்திருக்கும். அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்தாக வேண்டும்; நிறுத்தினால் அது குழியின் தளத்தைப் பெயர்த்துவிடும். எனவே எந்தப் போராட்டத்திலும் நீர் இறைப்பு கைவிடக்கூடாத வேலை. கன்வேயர் பெல்ட்டுகளின் அடியில் சிந்தும் களிமண்ணை வாருவது, சாம்பல் அகற்றுவது போன்றவற்றில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பங்கு பெரிது. அவர்கள் இல்லாத நாட்களில் மின் உற்பத்தி உடனே நிற்பதில்லை. ஆனால் அழுக்கும் பழுதும் சேர்ந்து, திரும்பி வந்தவர்களின் முதல் சில ஷிப்டுகளை விழுங்குகின்றன.

வேலைநிறுத்தம் முடியும் விதம் பிற இடங்களிலும் இப்படியே வேறுபட்டிருக்கிறது. 1902இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மே முதல் அக்டோபர் வரை நீண்ட வேலைநிறுத்தம், குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அமைத்த ஆணையத்தை நம்பி முடிந்தது. மறு ஆண்டு ஆணையம் 10 விழுக்காடு ஊதிய உயர்வு அளித்தது. சங்க அங்கீகாரம் தரவில்லை. பிரிட்டனில் 1984 மார்ச்சில் தொடங்கிய போராட்டம் ஓராண்டுக்குப் பின் எந்த உடன்பாடும் இன்றி முடிந்தது. 1985 மார்ச் 5 அன்று பல ஊர்களில் தொழிலாளர்கள் சங்கக் கொடிகளோடும் பாண்டு வாத்தியத்தோடும் சுரங்கத்துக்கு ஊர்வலமாகச் சென்றனர். வேலைநீக்கம் செய்யப்பட்டவர்களுக்குப் பொதுமன்னிப்பு இல்லை. அடுத்த ஆண்டுகளில் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. 2011இல் தனித் தெலங்கானா கேட்டு நடந்த பொது வேலைநிறுத்தத்தில் சிங்கரேணி நிலக்கரித் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலையை நிறுத்திவிட்டு, மாநிலம் அறிவிக்கப்படும் முன்பே திரும்பினர். 2014இல் மாநிலம் பிறந்தது.

கோரிக்கை நிறைவேறித் திரும்புவது, வாக்குறுதியை நம்பித் திரும்புவது, ஒன்றும் கிடைக்காமல் திரும்புவது என வேலைநிறுத்தங்கள் மூன்று வகையில் முடிகின்றன. நெய்வேலியின் நிரந்தரத் தொழிலாளர்களுக்கு 2013இல் முதல் வகை வாய்த்தது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையிலேயே திரும்பியிருக்கிறார்கள்.