கொலஸ்டிராலும் புற்று நோயும்

கொலஸ்டிரால் என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீடுகளில் நெய்க் கிண்ணம் அடுக்களைக்குத் திரும்பிவிடுகிறது. அது மிகுந்தால் மாரடைப்பு வரலாம் என்பதை யாவரும் அறிவோம். குறைந்திருந்தால்? நல்லதுதானே என்போம்.

நாங்கள் அறிந்த ஒரு மூதாட்டியின் வீட்டிலும் அப்படித்தான் எண்ணினார்கள். ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். வெற்றிலையும் புகையிலையும் அவருக்கு நாற்பது ஆண்டுப் பழக்கம். கன்னத்தின் உட்புறம் ஒரு புண். சர்க்கரை நோய்க்காக இரத்தம் பரிசோதித்தபொழுது, கொலஸ்டிரால் குறைவு என்று சீட்டு வந்தது. “பாட்டிக்கு ஒன்றுமில்லை” என்று வீட்டார் மகிழ்ந்தனர். புண்ணுக்குத் தேன் தடவியதோடு சரி. நான்கு மாதங்கள் கழிந்தன.

உண்மையில் கொலஸ்டிரால் நம் பகைவன் அன்று. ஒவ்வோர் உயிரணுவின் சவ்வும் அதைக் கொண்டே உறுதி பெறுகிறது. பித்த நீரும், சில ஹார்மோன்களும், வைட்டமின் டி-யும் உண்டாக அது வேண்டும். ஆகவேதான் உடலே அதன் பெரும்பகுதியை ஆக்கிக்கொள்ளும்படி இறைவன் அமைத்திருக்கிறார்.

ஆனால் அது நீரில் கரையாது. எனவே புரதத்தோடு சேர்ந்து, லிப்போபுரோட்டீன் என்னும் நுண்ணிய உருண்டைகளாக இரத்தத்தில் செல்கிறது. தஞ்சைப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. எல்.டி.எல். என்பது வயலுக்கு நீர் கொணரும் வாய்க்கால் போன்றது. கொலஸ்டிராலை உடலெங்கும் கொண்டுசெல்கிறது. எச்.டி.எல். வடிகால் போன்றது, மிஞ்சியதைக் கல்லீரலுக்குத் திருப்புகிறது. வயலுக்கு மடை இருப்பதுபோல் உயிரணுவுக்கும் மடைகள் உண்டு. வேண்டும்பொழுது அவற்றைக் கூட்டும், போதுமெனில் குறைக்கும். இம்மடைகளைக் கண்டறிந்த பிரௌன், கோல்டுஸ்டைன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1985-இல் நோபல் பரிசு பெற்றனர்.

புற்று நோய் அணுவோ ஓயாது பிரிந்து பெருகுவது. புதிய அணு ஒவ்வொன்றுக்கும் புதிய சவ்வு வேண்டும். ஆகவே பல வகைப் புற்றணுக்கள் மடைகளை மிகுதியாகத் திறந்து கொலஸ்டிராலை இழுத்துக்கொள்கின்றன. தாமே தயாரிப்பதும் உண்டு. முறை வைத்து நீர் பாய்ச்சும் ஊரில் ஒருவர் இரவோடிரவாகக் கரையை வெட்டிக்கொண்டால், வாய்க்காலில் மட்டம் இறங்குமல்லவா? அகமதாபாத்திலுள்ள குஜராத் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தலை, கழுத்துப் பகுதிகளில் புற்று கண்டவர்களுக்கும், வாயில் புற்றுக்கு முந்திய நிலையில் இருந்தவர்களுக்கும், நலமாயிருந்தோரைவிடக் கொலஸ்டிராலும் எச்.டி.எல்.-உம் குறைந்திருந்தன.

அப்படியானால் கொலஸ்டிரால் குறைவதே புற்றை உண்டாக்குமோ? மேலை நாடுகளில் 1980-களில் இந்த ஐயம் பலமாக எழுந்தது. அதைத் தீர்க்க ஒரு மருந்து உதவிற்று. ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ, கொலஸ்டிராலைக் குறைக்கும் பொருளொன்றை 1973-இல் பூஞ்சணத்திலிருந்து பிரித்தெடுத்தார். அது அரிசியில் படர்ந்த பூஞ்சணம் என்பது நெல் விளையும் நம் ஊராருக்குச் சுவையான செய்தி! அதன் வழிவந்தவையே ஸ்டாட்டின் மருந்துகள். சுமார் 1,75,000 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளை 2012-இல் தொகுத்துப் பார்த்தனர். இம்மருந்தால் புற்று நோய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆக, நோயாளியிடம் காணும் குறைவு பெரும்பாலும் நோயின் விளைவே.

குறைவாக உள்ளோர்க்கெல்லாம் புற்று என்று அஞ்ச வேண்டா. உணவும் பரம்பரையும் வேறு நோய்களும் காரணமாகலாம். ஆனால் அந்தச் சீட்டைக் காட்டிப் புண்ணை மன்னித்துவிடவும் கூடாது. வாய்ப்புண் மூன்று வாரங்களில் ஆறாவிடில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். புகையிலையின் தீமை தெரிந்ததே. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றை உண்டாக்க வல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. இங்கே குற்றவாளி பாக்குதான். கும்பகோணம் வெற்றிலைக்குப் பேர்போன நமக்கு இது கேட்கக் கசப்பாகவே இருக்கும்.

அந்த மூதாட்டிக்கு அறுவையும் கதிர் சிகிச்சையும் நடந்தன. வாயை முழுதும் திறக்க இயலவில்லை. குழைந்த சோற்றில் மோர் விட்டு உண்கிறார். வெற்றிலைப் பெட்டியைப் பேத்தி பரணில் ஏற்றிவிட்டாள்.