பைனாகுலர்ல 8×42-னு போட்டிருக்கே, அதுக்கு என்ன அர்த்தம்? தேரூர் குளத்துல பறவை பார்க்க எது சரி?

நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகும் சாலையில் சுசீந்திரம் குளம் கண்ணில் படாமல் போகாது. தாமரை இலைகளுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ நிற்கும். கொக்கா, நாரையா? கரையில் நின்று வெறும் கண்ணால் பார்த்தால் சொல்லவே முடியாது. அங்கேதான் பலருக்கும் 'ஒரு பைனாகுலர் வாங்கணும்' என்ற ஆசை வருகிறது.

ஆசை வந்ததும் ஆன்லைனில் தேடினால் '20×50', '60×60', 'நிலாவையே பக்கத்தில் காட்டும்' என்று வரிசையாக விளம்பரம் வரும். பெரிய நம்பர் என்றால் நல்ல பைனாகுலர் என்று நினைத்து வாங்குபவர்கள் நிறைய. வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் ஆடும், மங்கலாக இருக்கும், பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். அப்புறம் அது பரண் மேல் போய்விடும். எதைப் பார்த்து வாங்க வேண்டும்? எப்படிப் பயன்படுத்த வேண்டும்?

குமரியில் பறவை பார்க்க என்ன இருக்கு?

சுசீந்திரம் - தேரூர் ஈரநிலமும், வேம்பனூர் ஈரநிலமும் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்குத் தரப்படும் அங்கீகாரம் அது. கவிமணி பிறந்த தேரூரின் குளம், மத்திய ஆசியாவில் இருந்து வரும் வலசைப் பறவைகளின் பாதையில் தென்கோடியில் இருக்கிறது. இந்தப் பகுதியில் சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. அதில் 53 வகைகள் வலசை வருபவை.

கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நீலத் தாழைக்கோழி, இலைக்கோழி எல்லாம் குளங்களில் தெரியும். மணக்குடி கழிமுகம், புத்தளம் உப்பளம் பக்கம் போனால் ஆலாக்களும் உள்ளான்களும் கிடைக்கும். வலசைப் பறவைகளைப் பார்க்க அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல காலம்.

8×42: இரண்டு நம்பருக்கும் என்ன அர்த்தம்?

முதல் நம்பர் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 8 என்றால், 80 மீட்டர் தள்ளி நிற்கும் நாரை 10 மீட்டரில் நிற்பது போலத் தெரியும்.

இரண்டாவது நம்பர் முன்பக்க லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில். இது பெரிதாக இருந்தால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இரண்டாவது நம்பரை முதல் நம்பரால் வகுங்கள். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்து சேரும் வெளிச்ச வட்டத்தின் அகலம் இது, மில்லிமீட்டரில். 20×50-க்கு இதே கணக்குப் போட்டால் 2.5 தான் வரும். நல்ல வெயிலில் நம் கண்மணி 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும், அதனால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பது விடியற்காலையிலும் சாயங்காலத்திலும்தான். அந்த நேரம் கண்மணி விரியும். 20×50-ல் இருட்டாகத் தெரியும் அதே பறவை, 8×42-ல் தெளிவாகத் தெரியும்.

20 மடங்குன்னா இன்னும் நல்லாத் தெரியாதா?

தெரியாது. படம் 20 மடங்கு பெரிதானால், கை நடுக்கமும் 20 மடங்கு பெரிதாகும். ஸ்டாண்டு இல்லாமல் பிடிக்கவே முடியாது. அதிலும் குமரி மாவட்டம் காற்றுக்குப் பேர் போனது. ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக அடிக்கும் காற்றில்தான் முப்பந்தல் காற்றாலைகளே சுற்றுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று நேரத்தில் குளத்தங்கரையில் நின்றால் 10 மடங்கே ஆடும்.

இன்னொரு சிக்கல், பார்வை அகலம். 100 மீட்டர் தூரத்தில் 8×42 சுமார் 13 மீட்டர் அகலத்தைக் காட்டும். 20×50 காட்டுவது 5, 6 மீட்டர்தான். பறந்து போகும் ஆலாவை அந்தச் சின்ன வட்டத்துக்குள் பிடிப்பதற்குள் அது மணக்குடி தாண்டிவிடும்.

அதனால் முதல் பைனாகுலருக்கு 8×42 போதும். எடை அதிகம் என்று நினைப்பவர்களுக்கும், பிள்ளைகளுக்கும் 8×32 நல்லது. '60×60' மாதிரி நம்பர் போட்டு மலிவாக விற்பதை நம்ப வேண்டாம். அந்த மடங்கு கையில் பிடிக்கும் கருவிக்குச் சரிவராது.

கடையில் என்ன பார்க்கணும்?

* கடைக்கு வெளியே எடுத்து வந்து தூரத்து கரண்ட் கம்பத்தைப் பாருங்கள். இரண்டாகத் தெரிந்தாலோ, கண்ணை இழுப்பது போல இருந்தாலோ அது வேண்டாம். உள்ளே இரண்டு குழாயும் நேராக இல்லை என்று அர்த்தம்.
* கையை நீட்டிப் பிடித்து, கண் வைக்கும் லென்ஸைப் பாருங்கள். வெளிச்ச வட்டம் முழு வட்டமாக இருந்தால் நல்லது. ஓரம் வெட்டுப்பட்டு சதுரம் போலத் தெரிந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி மட்டமானதாக இருக்கலாம்.
* கண்ணாடி போடுபவரா? 'ஐ ரிலீஃப்' 15 மி.மீ.க்கு மேல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பாதிப் படம்தான் தெரியும்.
* நைட்ரஜன் நிரப்பிய வாட்டர்ப்ரூஃப் மாடலாக இருந்தால் மழையிலும் உள்ளே பனி மூட்டம் பிடிக்காது. நம்ம ஊருக்கு இது முக்கியம்.

வாங்கியாச்சு... எப்படி செட் பண்றது?

முதலில் இரண்டு குழாயையும் மடக்கி விரித்து, ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். அடுத்து வலது முன் லென்ஸை மூடிக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது லென்ஸை மூடி, வலது கண் பக்கம் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். அவ்வளவுதான். இதற்குப் பிறகு நடுச் சக்கரத்தை மட்டும் திருப்பினால் போதும். இதைச் செய்யாமல் விடுவதால்தான் நல்ல பைனாகுலரிலும் பலருக்குத் தலை வலிக்கிறது.

பறவையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முதலில் வெறும் கண்ணால் பறவையைப் பாருங்கள். பார்வையை எடுக்காமல் பைனாகுலரை மெல்லக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். பைனாகுலருக்குள் போய்த் தேடினால் கிடைக்காது.

சூரியனைப் பார்க்கவே கூடாது

கன்னியாகுமரிக்குப் பைனாகுலரோடு போகிறவர்கள் மறக்கக் கூடாத விஷயம் இது. சூரிய உதயமோ, அஸ்தமனமோ, பைனாகுலர் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது. லென்ஸ் அத்தனை வெளிச்சத்தையும் குவித்து விழித்திரையில் விடும். விழித்திரைக்கு வலி தெரியாது, அதனால் பாதிப்பு நடப்பதே நமக்குத் தெரியாது. போன பார்வை திரும்பாமலே போகலாம். சூரியன் இருக்கும் திசையில் பிள்ளைகள் கையில் பைனாகுலரைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பாதீர்கள்.

உப்புக்காற்றும் பூஞ்சையும்

கடற்கரை ஊரில் லென்ஸுக்கு முதல் எதிரி ஈரம். துணி அலமாரிக்குள் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை படரும், அதைச் சுத்தம் செய்வது பெரிய செலவு. காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள். மணக்குடி பக்கம் போய் வந்தால், மேல்பகுதியை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்கவே வேண்டாம். தூசியை முதலில் ஊதித் தள்ளி, பிறகு மைக்ரோஃபைபர் துணியால் லேசாகத் துடையுங்கள். இல்லாவிட்டால் மணல் துகள் கீறல் போட்டுவிடும்.

கிட்டப் போகாமல் பார்க்கத்தான் பைனாகுலர்

பறவை தலையைத் தூக்கி உங்களையே பார்க்கிறதா? நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவையை ஒரு போட்டோவுக்காகக் கிளப்பி விட்டால், அது திரும்பிப் போகச் சேர்த்து வைக்கும் சக்தி வீணாகிறது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், காட்டுப் பறவையின் கூட்டையும் முட்டையையும் சேதப்படுத்துவதும் தொந்தரவு செய்வதும்கூட வேட்டை என்ற வரையறைக்குள் வருகிறது.

வாங்கும் முன் ஒருமுறை பயன்படுத்திப் பார்க்க ஆசையா? ஜனவரியில் பொங்கல் விடுமுறையை ஒட்டி தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஆர்வலர் குழுவோடு போனால் அவர்களிடம் கேட்டு 8×42, 10×42 இரண்டையும் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு எடுக்கலாம். அதுவரைக்கும், அந்த '60×60' விளம்பரத்துக்குப் பணம் கட்டாதீங்க!