85 வருடம் தூங்கிய கணக்குப் புத்தகம்!



போன போகிக்கு எங்கள் வீட்டுப் பரணில் இருந்து தாத்தாவின் தறிக் கணக்கு நோட்டுகள் ரெண்டு கட்டு இறங்கின. "எல்லாம் செல்லரிச்சுப் போச்சு, தூக்கித் தீயில போடு" என்று அப்பாயி சொன்னாங்க. ஒரு கட்டைப் போட்டது நான்தான். அடுத்த வாரமே சரித்திர ஐயா வகுப்பில் ஆனந்தரங்கப்பிள்ளை கதையைச் சொன்னார். எனக்குப் பகீர் என்றது!

யார் இந்தப் பிள்ளை? 1709-இல் சென்னை பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரியில் பெரிய வியாபாரியாக வளர்ந்தவர். 1747-இல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குத் தலைமைத் துபாஷி ஆனார். துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். வெறும் மொழிபெயர்ப்பு வேலை இல்லை. சரக்கு வாங்குவது, ராஜாக்களுக்குக் கடிதம் எழுதுவது, ஊர்ப் பஞ்சாயத்து எல்லாமே அவர் தலையில்தான்.

1736 செப்டம்பரில் அவர் ஒரு கணக்குப் புத்தகத்தில் அன்றாட சேதிகளை எழுத ஆரம்பித்தார். எந்தக் கப்பல் வந்தது, யார் என்ன பேசினார்கள், என்ன புயல் அடித்தது, கவர்னர் யார் மேல் கோபப்பட்டார்! 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தது, 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டது எல்லாம் இதில் உண்டு. தமிழ்த் தேதியும் இருக்கும், இங்கிலீஷ் தேதியும் இருக்கும். பாஷையோ அந்தக் காலத்துப் பேச்சுத் தமிழ். நடுவில் பாரசீக, போர்த்துகீசிய வார்த்தைகளும் புகுந்திருக்கும். (நாம் கட்டுரையில் பேச்சு வழக்கு எழுதினால் தமிழ் ஐயா சிவப்பு மையில் வட்டம் போடுவார். பிள்ளைக்கு யாரும் போடவில்லை!)

1761 ஜனவரியில் பிள்ளை இறந்தார். அதே மாதம் புதுச்சேரியும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அப்புறம் 85 வருடம் அந்தப் புத்தகங்கள் குடும்பத்தாரிடமே கிடந்தன. வெளியே ஒருத்தருக்கும் தெரியாது.

1846-இல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் அவை பட்டன. அவர் செய்த காரியம்தான் முக்கியம். உட்கார்ந்து நகல் எடுக்க வைத்தார். ஏரியல் என்ற இன்னொருவர் எடுத்த நகல் பாரீஸ் தேசிய நூலகத்துக்கே போய்விட்டது. மூலத்தில் பல பகுதிகள் பிறகு காணாமல் போயின. அந்த இடங்களில் இன்று நம்மோடு பேசுவது நகல்தான்! ஜெராக்ஸ் இல்லாத காலம், எல்லாம் கையால் எழுதியது. பிறகு சென்னை அரசு இன்னொரு நகல் எடுத்து, 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக இங்கிலீஷில் அச்சடித்தது. தமிழன் தமிழில் எழுதியது முதலில் முழுசாக வந்தது இங்கிலீஷில்! தமிழ் மூலத்தைப் புதுச்சேரியில் அச்சுப் போட ஆரம்பித்தது 1948-இல்தான். இது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சரி, நம்ம சேலத்துக்கு என்ன இருக்கிறது? 1792-இல் திப்பு சுல்தான் சேலத்தையும் பாராமகாலையும் ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தார். உடனே கேப்டன் ரீடும், தாமஸ் மன்றோ முதலான உதவியாளர்களும் வந்து நிலத்தை அளந்தார்கள். என்ன பயிர், என்ன தொழில், எவ்வளவு வரி என்று எழுதிக் குவித்தார்கள். அந்தக் காகிதங்களும் 1907 முதல் சென்னையில் 'பாராமகால் ரிக்கார்டுகள்' என்று அச்சாகின. பெரிய பொக்கிஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் வரி வாங்க வந்தவன் பார்வையில் எழுதினது. அவன் நம் தெருவுக்கு வந்தால் தறியை எண்ணுவான், நெய்கிறவர் அன்றைக்குச் சாப்பிட்டாரா என்று எழுதமாட்டான். பிள்ளையும் பணக்காரர்தான், கவர்னர் பக்கத்து ஆள்தான். இருந்தாலும் யாரோ கேட்டு எழுதவில்லை, தானாக எழுதினார்.

மிச்சம் இருந்த கட்டைப் பிரித்துப் பார்த்தேன். நூல் எடுத்தது, சேலை கொடுத்தது, கடன் பாக்கி என்றுதான் பக்கம் பக்கமாகப் போகிறது. ஒரு பக்க ஓரத்தில் மட்டும் பென்சிலில், "இன்று மழை. பாவு ஓட்டவில்லை. கூலி இல்லை" என்று இருக்கிறது. தாத்தா கையெழுத்துதான் என்று அப்பாயி சொன்னாங்க. பென்சில் எழுத்து ரொம்ப மங்கிவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒன்பது பக்கம் ஆகியிருக்கிறது.