முதல் டோஸுக்கு முன் சிறுநீர்

கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நம் வீடுகளில் காரணம் உடனே கிடைத்துவிடுகிறது: பல் முளைக்கிறது, மாந்தம், சூடு, கண் பட்டுவிட்டது. தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்து ஒரு நாள் போகும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப்பில் இன்னும் இரண்டு நாள். காய்ச்சல் இறங்கும், அடுத்த மாதம் திரும்பி வரும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சளி, இருமல், பேதி எதுவும் இல்லாமல் காய்ச்சல் அடித்தால், அப்படிப்பட்ட 100 குழந்தைகளில் ஏறத்தாழ 5 பேருக்காவது காரணம் சிறுநீர்த் தொற்று. எரிகிறது என்று சொல்ல அந்த வயதில் வாய் ஏது? காய்ச்சல், வாந்தி, பால் குடிக்க மறுப்பது, எடை ஏறாதது, இவ்வளவுதான் அதன் புகார்.

‘காய்ச்சல்தான் இறங்கிவிட்டதே, இனி என்ன பரிசோதனை?’ என்பார்கள். சிக்கலே அங்கேதான். ஆன்டிபயாடிக் உள்ளே போய்விட்டால் சிறுநீரில் கிருமி வளராமல் போகலாம். ரிப்போர்ட் சுத்தமாக வரும், தொற்று வந்த தடயமே அழிந்துவிடும். தொற்று வந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் சிறுநீரகத்தை நோக்கித் திரும்பி ஏறும் குறை இருக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டுத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம். விழுந்த தழும்பு ஆறாது. பல ஆண்டுகள் கழித்து இரத்த அழுத்தமாகத் தலைகாட்டலாம். அதற்காக ரிப்போர்ட் வரும்வரை மருந்தை நிறுத்திவைக்கச் சொல்லவில்லை. சிகிச்சை இரண்டு மூன்று நாள் தாமதமானாலும் தழும்புக்கு வாய்ப்புக் கூடுகிறது. முதலில் சிறுநீர், உடனே மருந்து. இந்த வரிசை மட்டும் மாறக் கூடாது.

‘பச்சைக் குழந்தையிடம் சிறுநீர் எப்படிப் பிடிப்பது?’ என்ற கேள்வி நியாயமானது. ஒட்டுப் பையில் பிடிப்பது சுலபம். ஆனால் தோலில் உள்ள கிருமியும் கலந்துவிடுவதால், அதில் கிருமி தெரிந்தாலும் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பால் கொடுத்துச் சிறிது நேரம் கழித்து, பிறப்புறுப்பைத் தண்ணீரால் துடைத்து, குழந்தையைத் தூக்கிப் பிடித்து அடிவயிற்றில் விரலால் மெல்லத் தட்டினால் பெரும்பாலும் போய்விடும். வரும்போது நடுவில் வருவதை கிருமி நீக்கிய புட்டியில் பிடிக்க வேண்டும். அதற்குக் காத்திருக்க முடியாத அளவுக்குக் குழந்தை சோர்ந்திருந்தால் மருத்துவர் மெல்லிய குழாய் விட்டு எடுப்பார், பயப்பட வேண்டாம். ‘யூரின் ரொட்டீன்’ மட்டும் போதாது, ‘கல்ச்சர்’ என்றும் சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். புட்டி ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃபிரீசரில் அல்ல. ஏற்கெனவே ஒரு டோஸ் கொடுத்திருந்தால் அதை மறைக்காதீர்கள். தொற்று உறுதியானால் அடுத்தது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். அதில் கதிர்வீச்சு இல்லை. குழாய் விட்டுச் சாயம் ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே எல்லாக் குழந்தைக்கும் தேவைப்படாது. எதற்காக என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். ஆண் குழந்தை முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனாலோ, கர்ப்ப கால ஸ்கேனில் சிசுவின் சிறுநீரகம் வீங்கியிருந்ததாக எழுதியிருந்தாலோ காய்ச்சலுக்காகக் காத்திருக்காதீர்கள். குழந்தைகள் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காட்ட வேண்டியது அது.

இனி காகிதம். எல்லா ரிப்போர்ட்டும் ஒரே ஃபைலில் இருக்கட்டும், கர்ப்ப கால ஸ்கேன் உட்பட. சிகிச்சைப் பதிவேடுகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறி விதிகள் சொல்கின்றன. ‘அப்படியெல்லாம் தருவதில்லை’ என்று கவுன்ட்டரில் சொல்வது விதியல்ல. தமிழ்நாட்டில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்: ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள திட்ட மையத்துக்குப் போக வேண்டும். ஆபரேஷன் தேதி குறித்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைவதும், ‘அடுத்த வாரம் வாங்க’ என்று கேட்டுத் திரும்புவதும் தினமும் நடக்கிற கூத்து. குழந்தையின் பெயரை ரேஷன் அட்டையில் இப்போதே சேர்த்துவிடுங்கள். அட்டை பற்றிய சந்தேகங்களுக்குக் கட்டணமில்லா எண் 1800 425 3993.