கருவிழி காயமும் காக்கிச் சட்டையும்: ரஹிம் நோர் வழக்கு சொல்லும் பாடம்

1998 செப்டம்பர் 29. கோலாலம்பூர் நீதிமன்றத்திற்குக் கொண்டு வரப்பட்ட முன்னாள் துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிமைக் கண்டவர்கள் திடுக்கிட்டனர். அவரது இடது கண்ணைச் சுற்றி கன்றிப் போயிருந்தது. ஒன்பது நாட்களுக்கு முன் கைது செய்யப்பட்டபோது அந்தக் காயம் இல்லை. அப்படியானால் அடித்தது யார்?

"அவரே ஏற்படுத்திக் கொண்டிருக்கலாம்" என்ற பொருளில் அப்போதைய பிரதமர் மகாதீர் கருத்துரைத்தார். ஆனால், உண்மை நெடுநாள் மறைந்திருக்கவில்லை. 1999 ஜனவரியில், காயத்திற்குப் போலீசாரே பொறுப்பு எனச் சட்டத்துறைத் தலைவர் அறிவித்தார். சில நாட்களிலேயே தேசிய போலீஸ் படைத் தலைவர் ரஹிம் நோர் பதவி விலகினார்.

யார் இந்த ரஹிம் நோர்? போலீஸ் சிறப்புப் பிரிவில் உயர்ந்தவர். 1989 டிசம்பரில் ஹட்யாயில் மலாயா கம்யூனிஸ்ட் கட்சியுடன் கையெழுத்தான சமாதான ஒப்பந்தத்திற்கு உழைத்தவர்களில் ஒருவர். 1994இல் படைத் தலைவரானார். ஆயுதப் போராட்டத்தைப் பேச்சுவார்த்தையால் முடித்து வைக்க உதவியவர்தான், புக்கிட் அமானில் கண் கட்டப்பட்டு, கையில் விலங்கிடப்பட்டிருந்த ஒரு கைதியைத் தாக்கினார்.

அரச விசாரணை ஆணையம் முன் இது வெளிப்பட்டது. கொடுங்காயம் விளைவிக்க முயன்றதாக அவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 2000 மார்ச்சில், அதைவிட இலேசான, காயப்படுத்திய குற்றத்தை ஒப்புக் கொண்டார். இரண்டு மாதச் சிறையும் 2,000 வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீடு பலிக்காமல் 2001இல் சிறை சென்றார். 2005இல் அன்வாரிடம் மன்னிப்புக் கேட்டு, சிவில் வழக்கையும் சமரசத்தில் முடித்துக் கொண்டார்.

கதை அத்துடன் முடியவில்லை. 2018இல் மீண்டும் பிரதமரான மகாதீர், தென் தாய்லாந்து அமைதிப் பேச்சுக்கு மலேசிய ஏற்பாட்டாளராக அவரை நியமித்தார். 2022 நவம்பரில் அன்வார் பிரதமரானார். அடுத்த சில வாரங்களில், 2023 ஜனவரியில், அப்பொறுப்பு வேறொருவருக்கு மாறியது.

இதில் நமக்கு என்ன? பாதிக்கப்பட்டவர் நாடறிந்த தலைவர் என்பதால்தான் உலகமே கேள்வி கேட்டது. பிரிக்ஃபீல்ட்சிலோ கிள்ளானிலோ ஒரு சாதாரண இளைஞர் லாக்கப்பில் அடிபட்டால் கேட்பது யார்? 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இருந்த 22 வயது குகன் இறந்தார். குற்றம் சாட்டப்பட்டது ஒரு கான்ஸ்டபிள் மட்டுமே. கொலைக் குற்றச்சாட்டு யார் மீதும் இல்லை. அவரது தாயார் தொடுத்த சிவில் வழக்கில்தான், 2013 ஜூனில், உயர் நீதிமன்றம் போலீசாரையும் அரசாங்கத்தையும் பொறுப்பாளிகளாக்கியது.

போலீஸ் மீதான புகாரைச் சுயேச்சை அமைப்பு விசாரிக்க வேண்டும் என 2005லேயே அரச ஆணையம் பரிந்துரைத்தது. 2023 ஜூலையில் செயலுக்கு வந்த ஆணையத்திற்கோ தானே தண்டிக்கும் அதிகாரம் இல்லை. பரிந்துரை மட்டுமே செய்யலாம்.

ஆகவே, குடும்பத்தார் தங்கள் உரிமையை அறிந்திருப்பது அவசியம். கைதுக்கான காரணத்தைப் போலீசார் சொல்ல வேண்டும். உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் தர கைதானவருக்கு உரிமை உண்டு. 24 மணி நேரத்திற்குள் அவர் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட வேண்டும். உடலில் காயம் இருந்தால் அதை அங்கேயே, அப்போதே சொல்ல வேண்டும். அன்றைய நீதிமன்றத்தில் எல்லார் கண்ணிலும் பட்ட அந்தக் காயம்தான், ஒரு படைத் தலைவரையே சட்டத்தின் முன் நிறுத்தியது.