40 ரூபாய்க்கு ஏத்தின கருப்பை இறக்க 14,490 ரூபாயா?

முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க. கலர் ரிமூவர் ரெண்டு தடவை, தலா 3,000 ரூபாய். லேசான ப்ளீச் 4,500. டோனர் 1,800. முடி உடையாம இருக்க ஒரு ட்ரீட்மென்ட் 1,500. ஆக 13,800. அதுக்கு மேல 5% ஜிஎஸ்டி 690. மொத்தம் 14,490 ரூபாய்.

இது என் சித்தி பொண்ணுக்குத் தூத்துக்குடியில் ஒரு சலூனில் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட். ஹார்பர் பக்கம் ஒரு ஷிப்பிங் ஏஜென்ஸியில் அவளுக்கு டாக்குமென்டேஷன் வேலை. கைக்கு வர்ற சம்பளம் 24,000. இளநரைக்காக நாலு வருஷமா மாசம் ஒரு தடவை டை அடிக்கிறவ. பெட்டிக்கடையில் சரமா தொங்குமே பிளாக் ஹென்னா பாக்கெட், அதுல ரெண்டு. ஒரு தடவைக்கு 40 ரூபாய்னு வெச்சா 48 மாசத்துக்கு 1,920 ரூபாய். கல்யாணம் நிச்சயமானதும் தேன் கலர்ல ஹைலைட்ஸ் பண்ணணும்னு ஆசை வந்துடுச்சு.

“யக்கா, ரெண்டாயிரம் ரூவாகூட ஆகல போட்டதுக்கு. எடுக்க பதினாலாயிரமா? ஏமாத்துறாவளோ?”ன்னு ஃபோன் பண்ணினா.

ஏமாத்தலை. மியூச்சுவல் ஃபண்டில் எக்ஸிட் லோடு பார்க்காம பணம் போடாதீங்கன்னு நம்ம சேனல்ல தொண்டை வத்தக் கத்தியிருக்கேன். தலைமுடிக்கும் எக்ஸிட் லோடு உண்டு. என்ன, அதை பாக்கெட் மேல யாரும் அச்சடிக்கிறதில்லை.

கருப்பு ஏன் இறங்க மாட்டேங்குது?

நிரந்தரச் சாயம் முடிக்கு மேல பெயின்ட் மாதிரி ஒட்டிக்கிறது இல்லை. முடியோட வெளிப்பக்கம் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். சாயத்தில் இருக்கிற அமோனியா அந்தச் செதிலைத் திறந்துவிடும். சின்னச் சின்ன மூலக்கூறுகள் உள்ளே போகும். பெராக்ஸைடு பட்டதும் அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருசாகி, வந்த வழியே வெளியே வர முடியாம உள்ளேயே மாட்டிக்கும். அதனாலதான் எத்தனை தடவை தலைக்குக் குளிச்சாலும் போறதில்லை.

சரி, கருப்புக்கு மேல பிரவுன் கலரை அடிச்சா பிரவுன் ஆயிடுமா? ஆகாது. சாயம் சாயத்தை இறக்காது. பார்லர்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச அடிப்படை விதி இது. நமக்குத் தெரியாததாலதான் கடையில் 400 ரூபாய்க்கு ‘கோல்டன் பிரவுன்’ டப்பா வாங்கி, வேர்ல மட்டும் செம்பட்டையா, மீதியெல்லாம் அதே கருப்பா நிக்கிறோம்.

இன்னொரு சிக்கல். முடி மாசத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். இடுப்பு வரைக்கும் முடி இருந்தா அதோட நுனிக்கு வயசு அஞ்சு வருஷத்தைத் தாண்டும். முடிங்கிறது ஒரு பேங்க் ஸ்டேட்மென்ட் மாதிரி. வேர்ல இந்த மாச என்ட்ரி, கீழே போகப் போக பழசு. ஒவ்வொரு தடவையும் வேர்லேர்ந்து நுனி வரைக்கும் முழுசா அடிச்சிருந்தா, தோளுக்குக் கீழே இருக்கிற முடி முப்பது நாப்பது தடவை சாயம் குடிச்சிருக்கும். வேர்ல ஒரு தடவைதான். எடுக்கும்போது ரெண்டும் ஒரே வேகத்தில் எப்படி இறங்கும்? இந்த ஏத்த இறக்கத்தைச் சமன் பண்ணத்தான் நேரம், காசு ரெண்டுமே போகுது.

எடுக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு கலர் ரிமூவர். உள்ளே சேர்ந்து பெருசான மூலக்கூறுகளை இது மறுபடி சின்னதாக்கும், தண்ணியில் அலசும்போது வெளியே வந்துடும். கந்தக வாடை அடிக்கும், பயப்படாதீங்க. இதில் முக்கியமான வேலையே அலசுறதுதான். அவசரமா அலசி அனுப்பினா, உள்ளே மிச்சம் இருக்கிறது காத்துப் பட்டு ரெண்டு மூணு நாள்ல திரும்பக் கருத்துடும். ‘பண்ணேன், ஆனா திரும்பி வந்துடுச்சு’ன்னு சொல்றவங்க நிறையப் பேரோட கதை இதுதான். ரிமூவர் போட்டா உங்க பழைய இயற்கைக் கருப்பு கிடைக்கும்னும் நினைக்காதீங்க. சாயத்தில் இருந்த பெராக்ஸைடு உங்க சொந்த நிறத்தையும் கொஞ்சம் தின்னிருக்கும். அதனால சிவப்பு, ஆரஞ்சுதான் வெளியே தெரியும். நரை இருந்தா அதுவும் தெரியும். என் தங்கச்சிக்கு இதை யாரும் முன்னாடியே சொல்லலை.

ரெண்டாவது வழி ப்ளீச். பவுடரோட பெராக்ஸைடு கலந்து போடுறது. பாட்டில்ல 20 வால்யூம்னு போட்டிருந்தா 6%, 30-ன்னா 9%, 40-ன்னா 12%. எண் ஏற ஏற வேகம் ஏறும், சேதாரமும் ஏறும். இது சாயம், சொந்த நிறம்னு பார்க்காது, எல்லாத்தையும் கரைக்கும். கருஞ்சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள்னு படிப்படியா இறங்கும். தலைச்சூட்டில் வேர் சீக்கிரம் வெளுத்துடும்கிறதால நுனியில் ஆரம்பிச்சு வேரை கடைசியாத்தான் தொடணும். எடுத்த எடுப்பிலேயே மண்டையில் கிரீமை அப்புற இடமா இருந்தா எழுந்து வந்துடுங்க.

ஒரு சின்ன கிளைக்கதை. முத்துக்குளிச்ச ஊர்க்காரங்களுக்கு இந்தப் பெராக்ஸைடு புதுசில்லை. மன்னார் வளைகுடாவில் கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க தூத்துக்குடியில்தான் இந்தியாவோட முதல் வளர்ப்பு முத்தை எடுத்தாங்க. இன்னைக்கு உலகச் சந்தைக்கு வர்ற வளர்ப்பு முத்துகளில் பெரும்பாலானதை வெளுக்க வைக்கிறது இதே ஹைட்ரஜன் பெராக்ஸைடுதான். பொறுமையா வெளுத்தா பளபளப்பு நிக்கும். அவசரப்பட்டா முத்து சுண்ணாம்புக்கட்டி மாதிரி ஆயிடும். முடியும் அப்படித்தான்.

பாக்கெட்டில் என்ன இருந்துச்சு?

என் தங்கச்சி ரெண்டு இடத்தில் விசாரிச்சிருந்தா. முதல் இடத்தில் தலையைத் தொட்டுக்கூடப் பார்க்காம, “ஒரே நாள்ல முடிச்சிடலாம், 6,500”ன்னாங்க. ரெண்டாவது இடத்தில் கேட்ட முதல் கேள்வியே, “நாலு வருஷமா என்ன பாக்கெட் போட்டீங்க, ஞாபகம் இருக்கா?” அவங்க கொடுத்ததுதான் அந்த 14,490. நான் ரெண்டாவது இடத்துக்கு ஓட்டுப் போட்டேன்.

காரணம் இருக்கு. மருதாணிச் சாயம் முடியோட புரதத்திலேயே ஒட்டிக்கிறது. கலர் ரிமூவருக்கு அது மசியாது. அவுரிப் பொடியும் சேர்த்துப் போட்டிருந்தா, ப்ளீச் பண்ணும்போது பச்சைச் சாயல் வர வாய்ப்பு இருக்கு. சில மலிவுப் பொடிகளில் உலோக உப்பு இருக்கும். அது பெராக்ஸைடோட சேர்ந்தா முடி சூடாகி அறுந்துபோகும். ‘ஹென்னா’ன்னு பேர் போட்ட கருப்புப் பாக்கெட் பலதில் உண்மையில் வேலை செய்றது பிபிடிங்கிற ரசாயனம். அது அலர்ஜிக்குப் பேர்போனது. பாக்கெட் பின்னாடி பொடி எழுத்தில் எச்சரிக்கை போட்டிருப்பான், நாமதான் படிக்கிறதில்லை. ஆக உங்க தலையில் எது இருக்குன்னு தெரியாம விலை சொல்றவர், கண்ணை மூடிக்கிட்டு விலை சொல்றார்னுதான் அர்த்தம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி ஸ்ட்ராண்ட் டெஸ்ட். பின்னந்தலையில் உள்பக்கமா ஒரு மெல்லிய கற்றையில் மட்டும் போட்டுப் பார்க்கிறது. சில இடத்தில் இலவசம், சில இடத்தில் 200, 300 வாங்குவாங்க. கொடுங்க. 14,000 ரூபாய் செலவுக்கு முன்னாடி 300 ரூபாயில் கிடைக்கிற மலிவான இன்ஷூரன்ஸ் அது. புதுசா போடப்போற கலருக்கு 48 மணி நேரம் முன்னாடி அலர்ஜி டெஸ்ட்டும் கேளுங்க.

நம்ம ஊர் தண்ணியையும் மறந்துடாதீங்க. குடிக்க வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணி வந்தாலும், குளிக்க நிறைய வீட்டில் போர் தண்ணிதான். உப்பு, இரும்புன்னு முடியில் படிஞ்சிருந்தா பெராக்ஸைடோட வேலை கோணலாகும். படிவை நீக்குற ஷாம்பூ போட்டு அலசிட்டுத்தான் ஆரம்பிக்கணும். அதையும் எஸ்டிமேட்டிலேயே சேர்த்திருக்காங்களான்னு கேளுங்க.

பில்லுக்குப் பின்னாடி வர்ற பில்

14,490 ஒரு தடவைச் செலவுன்னு நினைச்சா அங்கேதான் மாட்டுவீங்க. தேன் கலர் அப்படியே நிக்காது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை டோனர் 1,800-ன்னா வருஷத்துக்கு 10,800. ஷாம்பூ, மாஸ்க் மாசம் 600-ன்னா 7,200. ஆக வருஷம் 18,000, மாசம் 1,500. 24,000 சம்பளக்காரிக்கு அது 6 சதவீதத்துக்கு மேல. இதை எஸ்ஐபி-யில் போட்டிருந்தா இருபது வருஷத்தில் எவ்வளவுன்னு கால்குலேட்டர் காட்டி உங்களைப் பயமுறுத்தப் போறதில்லை, அந்த வேலை எனக்கே அலுத்துப்போச்சு. ஆசைக்குச் செலவு பண்ணலாம். ஆனா அது மாசச் செலவுன்னு தெரிஞ்சு பண்ணுங்க. கிரெடிட் கார்டில் தேய்ச்சுட்டு மினிமம் டியூ மட்டும் கட்டினா மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி ஓடும். ‘இப்போ 10,000 கட்டுங்க, 13,000-க்கு சர்வீஸ் எடுத்துக்கோங்க’ங்கிற பேக்கேஜும் வேண்டாம். கடை மூடினா அந்தப் பணத்துக்கு ஜாமீன் யாரும் இல்லை.

ஜிஎஸ்டி விஷயம். 2025 செப்டம்பர் 22-லிருந்து சலூன் சேவைக்கு 18% இல்லை, 5%தான். இன்னும் 18% போட்டிருந்தா கேளுங்க. வருஷ வரவு 20 லட்சத்துக்குள்ள இருக்கிற சின்ன சலூன் பதிவு பண்ண வேண்டிய அவசியம் இல்லை. பதிவு பண்ணாதவங்க ஜிஎஸ்டி வசூலிக்கவும் கூடாது. தமிழ்நாட்டுப் பதிவு எண் 33-ல ஆரம்பிக்கும், மொத்தம் 15 இலக்கம். பில்லில் அது இருக்கான்னு ஒரு பார்வை போதும்.

வேலை கெட்டுப்போனா? டெல்லியில் நடந்த ஒரு வழக்கைச் சொல்றேன். 2018 ஏப்ரலில் ஒரு நட்சத்திர ஓட்டல் சலூனில், தான் சொன்னதைவிட ரொம்பக் குட்டையா முடியை வெட்டிட்டாங்கன்னு ஒரு பெண் வழக்கு போட்டார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2021-ல் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லுச்சு. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், சேவைக் குறைபாடுங்கிற முடிவில் கை வைக்கலை. ஆனா 2 கோடிக்கு ஆதாரம் எங்கேன்னு கேட்டு, தொகையை ரத்து பண்ணி வழக்கைத் திருப்பி அனுப்புச்சு. பேப்பர்ல 2 கோடிங்கிற தலைப்பு மட்டும்தான் நம்ம மனசுல நிக்கும். பின்னாடி கேட்ட கேள்விதான் நமக்கு வேணும். அதனால உட்காரும் முன்னாடி வெளிச்சத்தில் தலையை ஃபோட்டோ எடுங்க. எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்பில் வாங்குங்க. என்ன பிராண்ட், எத்தனை வால்யூம்னு எழுதச் சொல்லுங்க. பில் இல்லாம யுபிஐ பண்ணாதீங்க. பிரச்சினைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும்.

பசங்களுக்கு இதில் பாதி தலைவலி இல்லை. நாலு மாசம் பொறுத்து, மாசா மாசம் முடி வெட்டினாலே பழைய சாயம் போயிடும். ஒரே நாள்ல முழுசா எடுக்கணும்னா திருச்செந்தூர் இருக்கு. அறநிலையத்துறைக் கோயில்களில் 2021-லிருந்து மொட்டைக்குக் கட்டணம் இல்லை. (சிரிக்காதீங்க, இந்தக் கட்டுரையிலேயே உத்தரவாதமான கலர் ரிமூவர் அதுதான்.)

கல்யாணப் பொண்ணுகிட்ட அதைச் சொல்ல முடியுமா? ஸ்ட்ராண்ட் டெஸ்ட் பண்ணினப்போ நுனி அடர்சிவப்பிலேயே நின்னுடுச்சு, அதுக்கு மேல இறங்கலை. “கல்யாணத்துக்கு ஏழு வாரம்தான் இருக்கு. தேன் கலருக்கு இழுத்தா நுனி உடையும். சாக்லேட் கலரோட நிறுத்திக்கலாம்”னு அந்த சலூன்கார அக்காவே சொன்னாங்க. 14,000 ரூபாய் வேலையைத் தானா பாதியா குறைச்சுக்கிட்டவங்க அவங்க. ரிமூவர் ஒரு தடவை 3,000, நரையையும் மறைக்கிற மாதிரி டோனர் 1,800, ட்ரீட்மென்ட் 1,500, ஜிஎஸ்டி 315. மொத்தம் 6,615. சாயம் எடுத்த முடி புதுக் கலரை ரொம்ப உறிஞ்சும்கிறதால, வேணுங்கிறதைவிட ஒரு ஷேடு குறைச்சே போட்டாங்க. அஞ்சு மணி நேரம் உட்கார்ந்தா. அதில் முக்கால் மணி நேரம் வெறும் அலசல்தான்.

நிழல்ல பார்த்தா கருப்பு, வெயில்ல பார்த்தா சாக்லேட். மாப்பிள்ளைக்கு வித்தியாசமே தெரியலைன்னு அவளுக்கு இன்னும் கோபம். மிச்சமான 7,875 ரூபாயை எதில் போட்டேன்னு கேட்டேன். முகூர்த்த நாள்ல மல்லிகைப்பூ விலை தெரியாம பேசாதீயக்கான்னுட்டா.