இரண்டாவது கருவி எது?

மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோகங்காணும் கருவியைக் கொண்டு, உழுத வயல்களில் பழங்காசு தேடுவது இங்கிலாந்தில் பலருக்குப் பொழுதுபோக்கு. 1992 நவம்பர் 16 அன்று, சஃபோக் பகுதியில் எரிக் லாஸ் என்பவர் தம் நண்பர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடினார். அகப்பட்டதோ ரோமானியர் காலப் புதையல்! பொற்காசுகள் 569, வெள்ளிக் காசுகள் 14,272, வெண்கலக் காசுகள் 24. அவர் முழுவதையும் தோண்டி எடுத்துவிடாமல், இடையிலேயே நிறுத்தித் தகவல் தெரிவித்தார். அதனால் தொல்லியல் அறிஞர்கள் வந்து, எந்தப் பொருள் பெட்டியில் எங்கே இருந்தது என்பதையும் அறிய முடிந்தது.

இப்படித் தேடுவோர் பலர் இரண்டு கருவிகள் வைத்திருப்பதுண்டு. தேடும் நேரத்தில் பாட்டரி தீர்ந்துவிடலாம், கம்பி அறுந்துபோகலாம், மழைநீர் உள்ளே புகுந்துவிடலாம். அப்போது கைகொடுக்க இன்னொன்று வேண்டுமல்லவா? முதற் கருவியைப் போலவே, விலை மட்டும் குறைந்த ஒன்றை வாங்கினால் போதுமா? இதற்கு விடை காண, கருவி வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கருவியின் அடியில் உள்ள வட்டத் தட்டினுள் கம்பிச் சுருள்கள் உள்ளன. ஒரு சுருளில் மாறுமின்னோட்டம் பாய்கிறது. அதனால் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் மண்ணுக்குள் செல்கிறது. அங்கே ஒரு காசு இருந்தால், 1831இல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின்படி அதில் சுழல் மின்னோட்டம் தோன்றுகிறது. இம்மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அதை இரண்டாவது சுருள் உணர்ந்துகொள்ள, கருவி ஒலி எழுப்புகிறது.

திரும்பி வரும் அலை, அனுப்பிய அலையைவிடச் சற்றுப் பிந்தி வரும். இரும்பாணிக்கும் வெள்ளிக் காசுக்கும் இந்தப் பிந்தலின் அளவு வேறு. ஆகவே ஆணியை ஒதுக்கிக் காசைக் காட்டும்படி கருவியை அமைக்க முடியும். துருப்பிடித்த ஆணிகள் நிறைந்த பழைய வயல்களில் இது பேருதவி.

ஆனால் இதே கருவியைக் கடற்கரையின் ஈரமணலுக்குக் கொண்டுசென்றால் தொல்லை தொடங்குகிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும் அல்லவா? அதிலும் சுழல் மின்னோட்டம் தோன்றுவதால், ஒன்றுமில்லாத இடத்திலும் கருவி ஒலிக்கும். அங்கே இதே வகைக் கருவி இன்னொன்று இருந்தாலும் பயனில்லை. முதலாவது திணறும் இடத்தில் இரண்டாவதும் திணறும்!

வேறொரு வகைக் கருவி உண்டு. அது தொடர்ந்து அலையை அனுப்புவதில்லை. நொடிக்குப் பல நூறு அல்லது சில ஆயிரம் முறை, துடிப்புத் துடிப்பாக மின்னோட்டத்தை அனுப்பி நிறுத்துகிறது. நிறுத்திய பின் சில மைக்ரோ நொடிகள் பொறுத்து 'கேட்கிறது'. கோயில் மணியையும் மண்பானையையும் ஒரே நேரத்தில் தட்டிப் பாருங்கள். பானையின் ஒலி உடனே அடங்கிவிடும். மணியின் நாதம் நீடிக்கும். சற்றுப் பொறுத்துக் கேட்டால் மணி மட்டுமே கேட்கும். அதுபோல, உப்புநீரில் தோன்றிய மின்னோட்டம் விரைவில் மறைகிறது; காசில் தோன்றியது சிறிது நேரம் நீடிக்கிறது. ஆகவே ஈரமணலில் துடிப்புக் கருவி குழம்புவதில்லை.

இதற்கும் ஒரு குறை உண்டு. ஆணியிலும் மின்னோட்டம் நீடிப்பதால், இரும்பையும் வெள்ளியையும் இதனால் எளிதில் பிரித்தறிய முடியாது. ஆணி நிறைந்த வயலில் இதைக் கொண்டு தேடினால், நாள் முழுவதும் ஆணிகளைத்தான் தோண்டிக்கொண்டிருக்க வேண்டும்.

எனவே, இரண்டாவது கருவியைத் தேர்ந்தெடுக்குமுன் விலைப்பட்டியலைப் பார்ப்பதைவிட மண்ணைப் பார்ப்பதே முறை. வயலில் மட்டும் தேடுபவருக்கு, ஆணியை ஒதுக்கும் வகையிலேயே எளிய, எடை குறைந்த ஒன்று போதும். வயலுக்கும் கடற்கரைக்கும் போகிறவருக்கு, நீர் புகாத துடிப்புக் கருவி ஏற்றது. பல அதிர்வெண்களைப் பயன்படுத்தும் கருவிகளும் இன்று உள்ளன. அவை ஆணியை ஒதுக்குவதோடு உப்புநீரையும் ஓரளவு சமாளிக்கும்; ஆனால் விலை கூடுதல். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதற் கருவி மின்னூட்டம் செய்யும் பாட்டரியில் இயங்கினால், இரண்டாவது கடையில் கிடைக்கும் சாதாரண பாட்டரியில் இயங்குவது நல்லது.

எந்தக் கருவியானாலும் 'இங்கே உலோகம் இருக்கிறது' என்று மட்டுமே சொல்லும். 'தோண்டலாம்' என்று சொல்லாது. இங்கிலாந்தில் நிலத்துக்கு உரியவரின் அனுமதி தேவை. பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் உள்ள இடத்தில் உரிமம் இன்றிக் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். புதையல் என்று தெரிந்தால், 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். ஏனெனில் காசைவிட, அது கிடந்த இடமே சில வேளைகளில் அதிக வரலாற்றைச் சொல்லும். ஒருமுறை கலைத்துவிட்டால், எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது.